'தி சோசன்' மாதிரியான பக்தித் தொடர்களைக் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

கிளிஞ்சல்:

வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி ஒரு தொடர் தேடிக்கொண்டிருக்கிறேன். பெரியவனுக்கு 12 வயது, சின்னவளுக்கு 7. மாமியாரும் கூட உட்காருவார். மற்ற தொடர்களில் எந்த நிமிடத்தில் என்ன வரும் என்று தெரியாமல் ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது, பக்தித் தொடர் என்றால் அந்தத் தொல்லை இருக்காது என்று நினைத்துத்தான் 'தி சோசன்' போடலாம் என்று இருந்தேன். தெரிந்தவர்களும் "இயேசு கதைதானே, கண்ணை மூடிக்கொண்டு போடு" என்கிறார்கள். ஆனால் முதல் எபிசோடை நான் மட்டும் பார்த்தபோது, இதை எப்படிச் சின்னவளுக்குப் போடுவது என்று தோன்றிவிட்டது. பேய் பிடித்த பெண், மதுக்கடை, அடிதடி எல்லாம் வருகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. என் கணவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. சண்டை எல்லாம் இல்லை, ஆனால் யாராவது டிவியில் பிரசங்கம் பண்ண ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். அவரும் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருந்தால் நல்லது. முழுதாகப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், இது உண்மையிலேயே குடும்பத்தோடு பார்க்கக்கூடியதா? வேறு மதத் தொடர்கள் பற்றிய அனுபவம் இருந்தாலும் சொல்லலாம்.

தாழ்வாரம்:

அக்கா, நான் ஐந்து சீசனும் பார்த்தேன், பெரும்பாலும் என் மகனோடு. முதல் எபிசோடை வைத்துத் தொடரை எடை போடாதீர்கள், ஆனால் அதை 7 வயதுக் குழந்தைக்குப் போடவும் போடாதீர்கள். அதில் மகதலேனா மரியாள் லிலித் என்ற பெயரில் சுற்றுகிறாள். நிக்கொதேமு என்ற யூத மதத் தலைவர் வந்து பேய் ஓட்டப் பார்த்து முடியாமல் பயந்து போகிறார். அவளுக்கு முன்பு என்ன நடந்தது என்பதை நேராகக் காட்டவில்லை, ஆனால் ஒரு ரோமானியச் சிப்பாயின் நினைவு வந்து போகும்போது பெரியவர்களுக்குப் புரிந்துவிடும். அப்புறம் அவள் மலை விளிம்பில் போய் நிற்கிறாள். இவ்வளவையும் தாண்டி வந்தால்தான் கடைசியில் இயேசு அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற காட்சி. அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் அத்தனை இருட்டும், எடுத்தவருக்கு அது தெரியும். பெரியவர்களுக்கு அழுகை வரும், குழந்தைக்கு அதற்கு முன்னால் வந்த உறுமல்தான் ஞாபகம் இருக்கும்.

ஆனால் அதே சீசனில் மூன்றாவது எபிசோடைப் பாருங்கள். முழுக்க முழுக்கக் குழந்தைகள்தான். ஊருக்கு வெளியே தனியாகக் கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிற ஒரு தச்சரை ஒரு சின்னப் பெண் கண்டுபிடிக்கிறாள், அடுத்த நாள் நண்பனைக் கூட்டி வருகிறாள், அப்புறம் ஒரு கும்பலே வந்துவிடுகிறது. அவர் மரவேலை செய்துகொண்டே அவர்களோடு பேசுகிறார், வேலையும் வாங்குகிறார். சிரிக்கிற, கிண்டல் பண்ணுகிற இயேசுவை அதற்கு முன்னால் எந்தத் தொடரிலும் நான் பார்த்தது கிடையாது.

அதற்குப் பிறகு முதல் சீசனில் பெரிதாகப் பயப்பட எதுவும் இல்லை. மீன் பிடிக்கிற அற்புதம், கானா ஊர்க் கல்யாணம், குஷ்டரோகி, கூரையைப் பிரித்து இறக்குகிற திமிர்வாதக்காரன் எல்லாம் வரும். கடைசி எபிசோடில் சமாரியப் பெண் வருகிறாள், அவளுக்கு ஐந்து கணவர்கள் என்றவுடன் "ஏன் ஐந்து?" என்று ஒரு கேள்வி வரும், அதற்குப் பதிலை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள் :)

மூன்றாவது சீசனிலிருந்து கனம் ஏறுகிறது. பேதுருவின் மனைவிக்குக் கரு கலைகிறது, அவர் வேறு ஊரில் ஊழியம் செய்துகொண்டிருக்கிற நேரத்தில். நான்காவது சீசன் ஆரம்பத்திலேயே யோவான் ஸ்நானகன் கொல்லப்படுகிறார், கொஞ்சம் தள்ளி சீடர் தோமாவுக்கு நிச்சயமான பெண் கூட்டத்தின் நடுவில் வாளால் குத்துப்பட்டுச் சாகிறாள். இது 12 வயதுக்கே கஷ்டம். மொத்தம் 7 சீசன் என்று திட்டம், சிலுவைக் கட்டம் 6ஆவதில். அதற்குள் உங்கள் சின்னவளும் வளர்ந்துவிடுவாள்.

கரடுமுரடு:

இவ்வளவு பயம் தேவையா? வேதாகமத்தை எடுத்தால் நான்காவது அதிகாரத்திலேயே அண்ணன் தம்பியைக் கொன்றுவிடுகிறான். அதைக் குழந்தைக் கதையாகப் படம் போட்டுச் சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளைகளைத் தூங்க வைக்க மகாபாரதம் சொல்கிறோம். பிள்ளைகள் தினமும் பார்க்கிற சூப்பர்ஹீரோ படத்தில் ஒரு நகரமே இடிந்து விழுகிறது, அதற்கு யாரும் கேள்வி கேட்பதில்லை. இங்கே ஒரு பெண் உறுமினால் பெரிய விஷயமா? போடுங்கள், பயந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

வெண்பலகை:

கரடுமுரடு அண்ணே, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சூப்பர்ஹீரோ படத்தோடு இதைச் சேர்க்க முடியாது. பறக்கிற ஆள் பொய் என்று 7 வயதுக் குழந்தைக்கே தெரியும். பக்தித் தொடரை மட்டும்தான் "இது நடந்தது" என்று சொல்லி நாம் போடுகிறோம். அதனால் அதில் வருகிற பயமும் உண்மைப் பயமாகிறது, அதில் எழுத்தாளர் சேர்த்த கற்பனையும் உண்மைச் சரித்திரமாகிவிடுகிறது. எனக்கு ரத்தத்தைவிட இந்த இரண்டாவது விஷயம்தான் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எல்லோரும் முத்தக்காட்சி இருக்கிறதா, கெட்ட வார்த்தை இருக்கிறதா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

தாழ்வாரம் சொன்ன காட்சிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பேதுருவுக்கு மாமியார் இருந்தார், காய்ச்சலில் கிடந்தார் என்று சுவிசேஷத்தில் இருக்கிறது. மனைவியின் பெயரோ, கரு கலைந்ததோ இல்லை. தோமாவுக்கு நிச்சயமான பெண்ணும் அவள் சாவும் முழுக்கக் கற்பனை. மத்தேயு எண்களை மட்டுமே நம்புகிற, யார் கண்ணையும் பார்த்துப் பேசாத, ஆட்டிசம் உள்ள இளைஞனாக வருகிறார், அதுவும் தொடர் சேர்த்ததுதான். இதை அவர்கள் மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இடத்தையும் காலத்தையும் சேர்த்திருக்கிறோம், பின்னணிக் கதைகளைப் புதிதாக எழுதியிருக்கிறோம், சுவிசேஷங்களைப் படியுங்கள் என்று தொடக்கத்திலேயே ஒரு குறிப்புப் போட்டார்கள். கத்தோலிக்கப் பாதிரியார், யூதப் பின்னணியுள்ள போதகர், சுவிசேஷச் சபை அறிஞர் என்று ஆலோசகர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் குறிப்பை எந்தக் குழந்தை படிக்கும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்த காட்சி கற்பனையாக எழுதியதுதான். சீடர்களில் ஒருவரான சின்ன யாக்கோபுவாக நடிப்பவர் ஜோர்டன் வாக்கர் ராஸ். அவருக்கு நிஜத்திலேயே பெருமூளை வாதமும் முதுகெலும்பு வளைவும் உண்டு. அந்த நடையை மறைக்காமல் அப்படியே பாத்திரத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். மூன்றாவது சீசனில், மற்றவர்களைக் குணமாக்கிவிட்டு வாருங்கள் என்று இயேசு சீடர்களை இரண்டு இரண்டு பேராக அனுப்பும்போது, இவர் தனியாகப் போய், என்னையே நீங்கள் குணமாக்கவில்லையே, நான் எப்படி இன்னொருவரைக் குணமாக்குவது என்று கேட்கிறார். சுவிசேஷத்தில் இந்த உரையாடலே கிடையாது. ஆனால் நோயாளி இருக்கிற எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி இருக்கும்.

அதனால் கிளிஞ்சல், கற்பனை இருப்பது தப்பு என்று சொல்லவில்லை. 12 வயதுப் பையனிடம் ஒவ்வொரு எபிசோடு முடிந்ததும் "இதில் எது புத்தகத்தில் இருக்கிறது, எது இவர்கள் சேர்த்தது?" என்று கேளுங்கள், அவனே போய்ப் புரட்டிப் பார்க்கட்டும். என் வீட்டில் இது தொடரைவிடச் சுவாரசியமாகப் போய்க்கொண்டிருக்கிறது. போன வாரம் என் அப்பாவும் தோற்றார்.

நாணல்:

வெண்பலகை சொல்வது எல்லா மதத்துக்கும் பொருந்தும். 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ஆரம்பித்த ராமானந்த் சாகரின் ராமாயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 78 எபிசோடு. டிவி பெட்டிக்கே மாலை போட்டுப் பார்த்தார்கள், ராமராக நடித்த அருண் கோவிலைக் கண்ட இடத்தில் காலில் விழுந்தார்கள். அதில் லட்சுமணன் கோடு போடுகிற காட்சி வரும், இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் ராமாயணத்தில் அந்தக் கோடு இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். வால்மீகியில் கோடு கிடையாது. கம்பனிலும் கிடையாது, அங்கே ராவணன் சீதையைத் தொடாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறான். சாகர் பல ராமாயணங்களைச் சேர்த்துத்தான் எடுத்தார், டைட்டிலில் கம்பன் பெயரும் உண்டு. ஆனால் திரையில் ஒன்றுதானே வரும், பார்த்தவர்களுக்கு அதுவே ஒரே ராமாயணம் ஆகிவிட்டது. கம்பன் மண்ணோடு பெயர்த்ததைச் சொன்னால் என் அக்கா பிள்ளைகள் நான் கதை விடுகிறேன் என்கிறார்கள்!

குடும்பத்தோடு பார்க்க இன்றைக்கும் நான் சொல்வது பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம், 1988-90, 94 எபிசோடு. வசனம் எழுதியவர் ராஹி மாசூம் ராஸா என்ற முஸ்லிம் எழுத்தாளர், ஒவ்வொரு எபிசோடையும் 'காலம்' கதை சொல்லித் தொடங்கி வைக்கும். செட்டும் கிராபிக்ஸும் இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும், குழந்தைகள் சிரிக்கட்டும், நஷ்டம் இல்லை. சூதாட்டச் சபையில் திரௌபதியை இழுத்து வருகிற எபிசோடில் மட்டும் பக்கத்தில் இருங்கள். அந்தக் காட்சியில் உடம்பைக் காட்டுவதில்லை, சபையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் முகத்தைத்தான் காட்டுகிறது. "பீஷ்மர் நல்லவர்தானே, ஏன் சும்மா இருந்தார்?" என்று பிள்ளை கேட்கும். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை, ஆனால் அந்தக் கேள்வி வந்ததற்காகவே அந்தத் தொடரைப் போட்டது சரி என்று நினைக்கிறேன்.

பிற்பாடு வந்த புராணத் தொடர்கள் பலவற்றைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன். ஒருவர் சாபம் கொடுத்தால் சபையில் இருக்கிற அத்தனை பேர் முகத்தையும் இடி முழக்கத்தோடு மூன்று மூன்று தடவை காட்டுவார்கள், அதற்குள் எபிசோடு முடிந்துவிடும். ஆபாசம் இல்லை, வன்முறையும் இல்லை, சரி, ஆனால் மாமியார் மருமகள் சீரியலில் கிரீடம் வைத்தால் அது பக்தித் தொடரா? ஒருத்தி இன்னொருத்திக்கு விஷம் வைப்பதுதான் அங்கேயும் கதை.

பிறைநிலா:

எங்கள் வீட்டில் கலீபா உமரைப் பற்றிய 'உமர்' தொடர் பார்த்தோம், அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2012 ரமலானில் எம்பிசி என்ற அரபு சேனல் ஒளிபரப்பியது, ஹாதிம் அலி இயக்கம். நபி அவர்களின் உருவமோ குரலோ எங்கேயும் வராது, எதிரில் நிற்பவரின் பேச்சிலும் பார்வையிலும்தான் அவர் இருப்பது தெரியும். ஆனால் உமரையும் அபூபக்கரையும் நடிகர்கள் முகம் காட்டி நடித்தார்கள், அதற்கே பெரிய எதிர்ப்பு வந்தது, எகிப்தின் அல்-அஸ்ஹர் மார்க்க நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. மறுபக்கம், திரைக்கதையைச் சரிபார்த்த குழுவிலும் பெயர் பெற்ற மார்க்க அறிஞர்கள் இருந்தார்கள். ஆகவே 'குடும்பத்துக்கு ஏற்றதா' என்ற கேள்வி எங்களிடம் ரத்தம், ஆபாசம் என்பதற்கு முன்னால் 'இப்படிக் காட்டலாமா' என்பதிலேயே தொடங்கிவிடுகிறது. என் தந்தை பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார், நானும் வற்புறுத்தவில்லை. அவர் வேறு அறையில் இருக்கும்போது நாங்கள் பார்த்தோம்.

அவர் சொன்ன காரணம் ஒன்று இப்போது எனக்கும் சரியாகப் படுகிறது. முகம் ஒட்டிக்கொள்ளும். உமர் என்று யார் பேசினாலும் என் மகளுக்கு அந்த நடிகரின் தாடிதான் வருகிறது. 'தி சோசன்' பார்க்கிற குழந்தைக்கும் ஜெபம் பண்ணக் கண்ணை மூடினால் இயேசுவாக நடிக்கிற ஜொனதன் ரூமி முகம் வரத்தான் செய்யும். சிலருக்கு அது பரவாயில்லை, சிலருக்கு இல்லை. மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் சகோதரி, பெரியவர்களுக்கு இதில் நாம் யோசிக்காத மனவருத்தம் இருக்கலாம்.

வன்முறை என்று பார்த்தால் பிலால் என்ற அடிமையைச் சுடுமணலில் போட்டு வதைக்கிற காட்சிகளுக்குப் பத்து வயதாவது ஆகியிருக்க வேண்டும். போர்க் காட்சிகளும் நிறைய.

சந்தேகப்பேர்வழி:

உங்கள் கணவர் கட்சிக்காரன் நான், அக்கா. நம்பிக்கை இல்லை, ஆனால் மனைவிக்காக உட்கார்ந்து 'தி சோசன்' மூன்று சீசன் பார்த்துவிட்டேன், அதற்கு மேலும் பார்ப்பேன். காரணம் எளிது, முதல் பல எபிசோடுகளில் பிரச்சினையே கடவுள் இல்லை, வரி. சீமோனுக்கு, அதாவது பின்னாளில் பேதுரு ஆகிறவருக்கு, ரோமுக்குக் கட்ட வேண்டிய வரி பாக்கி, ஓய்வு நாளில் மீன் பிடிக்கிற சக யூதர்களையே காட்டிக்கொடுக்க ஒப்புக்கொள்கிற அளவுக்குக் கழுத்தை நெரிக்கிறது, அந்தக் கணக்கை எழுதுகிறவன் மத்தேயு. அப்புறம் இவர்கள் இரண்டு பேரும் ஒரே ஆளுக்குப் பின்னால் நடக்க வேண்டி வந்தால் எப்படி இருக்கும்? இது யாருக்கும் புரிகிற கதை. இதன் இயக்குநர் டல்லஸ் ஜென்கின்ஸ் முதல் சீசனை எடுக்க ஸ்டுடியோவிடம் போகவில்லை, மக்களிடமே 1 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். அப்படித் திரட்டினால் எப்படியும் பிரசங்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், இல்லை.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு வகைத் தொடர்கள் மேல். ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு குடும்பத்துக்குக் கஷ்டம், ஒருவர் முழங்காலில் நின்றோ கைகூப்பியோ அழுவார், நாற்பதாவது நிமிடத்தில் நோய் தீரும், கடன் தீரும், ஓடிப்போன மகன் வாசலில் நிற்பான். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று போட்டிருக்கும். என்னைக் கேட்டால் குழந்தைக்கு மிகவும் கெடுதல் இதுதான். ஏனென்றால் அந்தக் குழந்தையும் ஒரு நாள் தாத்தா பிழைக்க வேண்டும் என்று அழுது வேண்டிக்கொள்ளும், தாத்தா போய்விடுவார். அப்போது அது "கடவுள் இல்லை" என்று என் பக்கம் வந்தால்கூடப் பரவாயில்லை, "நான் சரியாக வேண்டவில்லை போல" என்று நினைத்துக்கொண்டால்? வெண்பலகை சொன்ன சின்ன யாக்கோபு காட்சி எனக்குப் பிடித்ததும் அதனால்தான். கேட்கிறான், அவர் குணமாக்குவதில்லை, அவன் அப்படியே நொண்டி நடந்து வேலைக்குப் போகிறான்.

கரடுமுரடு:

@சந்தேகப்பேர்வழி, இதை ஒத்துக்கொள்கிறேன். பேய் உறுமலை நான் கண்டுகொள்ளவில்லை, ஆனால் நாற்பது நிமிடத்தில் தீர்கிற கடனை நானும் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஹிஸ்டரி சேனலில் 2013இல் வந்த 'தி பைபிள்' என்று ஒன்று உண்டு, ஆதியாகமத்திலிருந்து கடைசிப் புத்தகம் வரை பத்து மணி நேரத்துக்குள். அதைப் போட நினைத்தால் நானே வேண்டாம் என்பேன். சோதோமில் தேவதூதர்கள் வாளை உருவிச் சண்டை போடுகிறார்கள். என் பிள்ளைகளுக்கு அந்த வாள் தவிர எதுவும் நினைவில்லை.

கிளிஞ்சல்:

எல்லோருக்கும் நன்றி. மாமியாரிடம் கேட்டேன், பிறைநிலா சொன்னது சரி. நடிகரை இயேசு என்று பார்ப்பது அவருக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கிறதாம், ஆனால் பிள்ளைகளோடு உட்காருவதற்காகப் பார்க்கிறேன் என்றார். கணவரிடம் வரி பாக்கிக் கதையைச் சொன்னேன், "சரி, ஒன்று பார்க்கிறேன்" என்று வந்திருக்கிறது, அதுவே அதிகம். இப்போது என் குழப்பம் வரிசைதான். மூன்றாவது எபிசோடில் ஆரம்பித்தால் கதை புரியுமா? சின்னவளுக்கு சப்டைட்டில் படிக்கிற வேகமும் இல்லை.

தாழ்வாரம்:

புரியும் அக்கா. மூன்றாவது எபிசோடில் மற்ற சீடர்கள் கதையே வராது, தனிக் கதை மாதிரி நிற்கும். அதை ஐந்து பேரும் சேர்ந்து பாருங்கள். அதற்கு அடுத்தது மீன் அற்புதம், அப்புறம் கல்யாண வீடு, இரண்டும் சின்னவளுக்கு ஒத்துவரும். முதல் இரண்டையும் அவள் தூங்கின பிறகு பெரியவனோடும் கணவரோடும் பார்த்துவிடுங்கள், வரி விவகாரம் அங்கேதான் ஆரம்பிக்கிறது, அதைத் தவிர்த்தால் அவருக்குப் பிடி கிடைக்காது.

இரண்டாவது சீசனில் மரியாள் பழைய குடிக்கும் சூதாட்டத்துக்கும் திரும்பிப் போகிற பகுதி நடுவில் வருகிறது. பயமாக இருக்காது, ஆனால் குணமானவள் ஏன் மறுபடியும் என்று பெரியவன் கேட்பான். நான்காவது சீசன் வந்ததும் சின்னவளுக்கு நிறுத்திவிடுங்கள்.

அவளுக்கென்று வேண்டுமானால் 2025இல் அதே ஆட்கள் 'தி சோசன் அட்வென்சர்ஸ்' என்று ஒரு கார்ட்டூன் தொடர் கொண்டுவந்திருக்கிறார்கள், மூன்றாவது எபிசோடில் வருகிற அதே சின்னப் பெண் ஏபிதான் நாயகி. சப்டைட்டில் பிரச்சினைக்கு, டப்பிங் கிடைக்கிற எபிசோடுக்கு டப்பிங்கைப் போடுங்கள். மற்றதுக்கு என் வீட்டில் நடக்கிறதைச் சொல்கிறேன், பெரியவன் சின்னவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவான், பேதுரு பேச்சுக்கு ஒரு குரல், மத்தேயுவுக்கு ஒரு குரல் என்று. வசனம் பாதிதான் காதில் விழும், மாமியாரை டிவிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.